மிசின்ட பேர உடுங்க, அளவச் சொல்லுங்க

பழைய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்றைக் கொழும்பு வெள்ளவத்தையில், வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் வைத்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால், வடக்கில் பிறந்து வளர்ந்த மூத்தவர்கள் முதலில் சிரிப்பார்கள்; சிரித்து முடிந்ததும் ஏறத்தாழ எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "தம்பி, அதுக்கு இப்ப சாமான் எங்கையடா எடுக்கிறாய்?" கேள்வியில் நியாயம் உண்டு. அந்த இயந்திரங்கள் இந்த நாட்டுக்கு வந்திறங்குவது நின்று பல பத்தாண்டுகள் கழிந்துவிட்டன. அவற்றுக்கென்றே உதிரிப்பாகம் வைத்திருக்கும் கடை எதுவும் கொழும்பில் என் கண்ணில் பட்டதில்லை. அப்படியிருந்தும், சாமான் கிடைக்காத காரணத்தால் ஓர் இயந்திரம் என் கொட்டகையில் நிரந்தரமாகப் படுத்துவிட்டது என்று சொல்ல முடியாது. அந்த இயந்திரங்கள் செய்யப்பட்ட விதமே அதற்குக் காரணம்: அவற்றைச் செய்த தொழிற்சாலைகள் அவற்றின் பாகங்களிற் பெரும்பாலானவற்றைத் தாமே செய்யவில்லை.

பெயாரிங்கைப் பெயாரிங் செய்பவர் செய்தார். ஒயில் சீல், வீ பெல்ட், ஸ்பார்க் பிளக், பல வேளைகளில் எஞ்சின் முழுவதையுமேகூட வேறு யாரோ செய்தார்கள். உழவு இயந்திரம் செய்தவர் வார்ப்புகளை வார்த்து, பற்சக்கரங்களை வெட்டி, மற்றவற்றை வெளியிலிருந்து வாங்கிப் பூட்டினார். ஆகவே "சாமான்" என்று ஒரே சொல்லில் அடக்கப்படுவனவற்றை நான் மூன்றாகப் பிரித்தே பார்க்கிறேன். சில கடையில் வாங்கக்கூடியவை. சில லேத் என்ற கடைசல் இயந்திரத்தில் கடைந்து செய்விக்கக்கூடியவை. சில போனாற் போனவை, திரும்ப வரமாட்டாதவை. ஒரு பாகம் இவற்றுள் எதைச் சேர்ந்தது என்று தெரிந்த பின்னரே அதன்மேல் சுத்தியல் வைக்கலாமா, வைக்கக்கூடாதா என்பதைத் தீர்மானிக்க வேண்டும். பழைய இயந்திரங்களைக் கொல்பவர்களிற் பலர் வேலை தெரியாதவர்களல்லர். ஐந்நூறு ரூபாய்ப் பெயாரிங்கைக் காப்பாற்ற நினைத்து, எந்த விலை கொடுத்தாலும் கிடைக்காத வார்ப்பை உடைக்கும் நல்ல மெக்கானிக்குகளை நான் பார்த்திருக்கிறேன்.

எதைப் பற்றிப் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் தோட்ட உழவு இயந்திரம் என்றால் ஏறி உட்கார்ந்து ஓட்டும் சிறிய நான்கு சக்கர வண்டி. இன்ரநாஷனல் ஹார்வெஸ்டர் 1961 இல் வெளியிட்ட கப் கடெற், வீல் ஹோர்ஸ், ஜோன் டியர் 110 போன்றவை அந்த இனம். நமக்குத் தோட்டத்து இயந்திரம் என்றால் பின்னால் நடந்து இரண்டு கைபிடிகளைப் பிடித்து ஓட்டும் இருசக்கர இயந்திரந்தான். அதை எந்தக் கம்பனி செய்திருந்தாலும் வன்னியில் அது லான்ட்மாஸ்டர்தான். உண்மையான லான்ட்மாஸ்டர் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பகுதியிலிருந்து வந்தது. அதை உருவாக்கியதில் பெரும் பங்கு இலங்கைப் பொறியியலாளரான றே விஜேவர்தனவுக்கு (1924–2010) உரியது. கேம்பிரிட்ஜில் படித்தவர், விமானம் ஓட்டியவர், 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் இலங்கைக்காகக் கலந்துகொண்டவர், பின்னாளில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தவர். அவரே பிற்காலத்தில் இயந்திரத்தால் நிலத்தைப் புரட்டுவது வெப்பமண்டல மண்ணுக்கு ஏற்றதா என்று கேள்வி எழுப்பி, உழாமற் பயிரிடும் முறைக்காக வாதாடினார் என்பது வேடிக்கையான வரலாறு. அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். அதற்காக அவருடைய இயந்திரத்தைத் துருப்பிடிக்க விட எனக்கு மனமில்லை.

என்னிடம் இரண்டு உண்டு. ஒன்று அம்மாவின் தம்பி வவுனியாவில் வைத்திருந்த லான்ட்மாஸ்டர். பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். மற்றது பிந்திய காலத்துக் குபோட்டா டீசல். இவை தவிர, ஹோமாகமை, பிலியந்தலை பக்கம் காணி வைத்திருக்கும் நண்பர்களின் இயந்திரங்களும் வந்து போகும். 2022 இல் அரசாங்கம் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்ன காலத்தில்தான் அவற்றிற் பல, விறகுக் குவியல்களுக்கும் தென்னோலைகளுக்கும் அடியிலிருந்து வெளியே வந்தன.

முதலில் வாங்கக்கூடியவை. இதற்குக் கொழும்பில் ஒரே ஊர்தான்: பஞ்சிகாவத்தை. மருதானையிலிருந்து நடந்து போகக்கூடிய அந்தத் தெருவில் வாகன உதிரிப்பாகக் கடைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. அங்கே போய் "லான்ட்மாஸ்டருக்குப் பெயாரிங் இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்பதே விடை, கேட்டவர் அடுத்த கடைக்குப் போவார், அங்கும் அதே விடை. எனக்கு அந்தத் தெருவில் வழி காட்டியவர் ஒரு பெயாரிங் கடை நானா. இயந்திரத்தின் வரலாற்றை நான் சொல்லத் தொடங்கியதும் கையை உயர்த்தி நிறுத்தினார். "மிசின்ட பேர உடுங்க தம்பி. அளவச் சொல்லுங்க." அளவைச் சொன்னேன், எழுந்து போனவர் ஒரு நிமிடத்தில் பெட்டியோடு திரும்பினார்.

பெயாரிங்கின் பக்கவளையத்தில் எண் பொறிக்கப்பட்டிருக்கும். துருவைத் துடைத்துப் பார்த்தால் பெரும்பாலும் வாசிக்கலாம். 6204 என்றால் உள்விட்டம் 20 மி.மீ., வெளிவிட்டம் 47, அகலம் 14. 6205 என்றால் 25, 52, 15. கடைசி இரண்டு இலக்கங்கள் 04 அல்லது அதற்கு மேற்பட்டிருந்தால், அவற்றை ஐந்தாற் பெருக்க உள்விட்டம் வந்துவிடும். எண் தேய்ந்து போயிருந்தால் வேர்னியர் அளவுகோலால் மூன்று அளவுகளையும் எடுத்துக்கொண்டு போனாற் போதும். அந்த அளவில் உலகத்தில் எந்தக் கம்பனி செய்த பெயாரிங்கும் அந்த இடத்தில் உட்காரும். சலவை இயந்திரத்துக்கு வந்ததா, மோட்டார் சைக்கிளுக்கு வந்ததா என்பது உழவு இயந்திரத்துக்குத் தெரியப்போவதில்லை. விலை மலிவாகக் கிடைக்கும் போலிகளை மட்டும் தவிர்க்க வேண்டும். பெட்டியின் அச்சு மங்கலாகவும் எழுத்துகள் கோணலாகவும் இருந்தால் வேறு கடைக்குப் போவது நல்லது.

பிரித்தானிய இயந்திரங்களில் ஒரு சிக்கல் உண்டு. அவற்றிற் பல அங்குல அளவுப் பெயாரிங்குகளைக் கொண்டவை. ஓர் அங்குலத் தண்டுக்கு உரிய பெயாரிங்கின் உள்விட்டம் 25.4 மி.மீ.; வெளிவிட்டம் இரண்டேகால் அங்குலம், அதாவது 57.15 மி.மீ. அதைத் தேடிக் கிடைக்காவிட்டால் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "அந்த 0.4 மில்லிமீற்றரை லேத்திலை எடுத்துவிட்டால் 6205 சரியாகப் போகுமே." போகத்தான் செய்யும்; ஆனால் வெளிவிட்டத்தில் ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி வரும், அதற்கு ஒரு வளையம் கடைய வேண்டும், அதற்கெல்லாம் மேலாக, வாங்கக்கூடிய ஒரு பொருளுக்காக வாங்க முடியாத தண்டை வெட்டியிருப்போம். நான் இதற்கு ஒருபோதும் சம்மதிப்பதில்லை. மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளில் பழைய பிரித்தானிய இயந்திரங்கள் இன்னும் ஓடுவதால், அங்குல அளவுப் பெயாரிங்குகளை வைத்திருக்கும் கடைகள் கொழும்பில் இல்லாமற் போகவில்லை. இன்று இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் வரும். இயந்திரம் காத்திருக்கும்.

தண்டைச் சுற்றி ஒயில் கசியாமல் அடைக்கும் ஒயில் சீலும் இப்படியே. உள், வெளி, அகலம் மூன்றும் அதன் றப்பரிலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் சீலை மாற்றியும் ஒயில் கசிகிறதென்றால் தண்டைப் பார்க்க வேண்டும்: பழைய சீலின் உதடு பல ஆண்டுகள் ஒரே இடத்தில் உராய்ந்ததால் அங்கே நகத்தால் உணரக்கூடிய ஒரு பள்ளம் விழுந்திருக்கும். புதிய சீலை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் உள்ளே தள்ளி அடித்தால், உதடு தேயாத பகுதியில் உட்கார்ந்து கசிவு நின்றுவிடும். வீ பெல்ட்டில் ஏ வகையின் மேல் அகலம் 13 மி.மீ., பீ வகையினது 17 மி.மீ.; பெல்ட் கப்பியின் பக்கச் சுவர்களைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டுமே தவிர அடித்தளத்தைத் தொடக்கூடாது. கப்பியின் அடித்தளம் கண்ணாடி போல் மினுங்கினால், பெல்ட் தேய்ந்து கீழே இறங்கி வழுக்குகிறது என்பதே பொருள்.

எஞ்சினுக்கு வருவோம். பழைய தோட்ட இயந்திரங்களிலும் யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணற்றடிகளிலும் வில்லியர்ஸ் எஞ்சின்கள் பரவலாக இருந்தன. அந்த வகை எஞ்சின்கள் இந்தியாவிலும் நெடுங்காலம் தயாரிக்கப்பட்டு, நீர்ப்பம்பிகளில் இன்றும் ஓடுகின்றன. ஆகவே பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களை "உழவு இயந்திரத்துக்கு றிங் செட்" என்று கேட்டால் கிடைக்காதது, "மண்ணெண்ணெய்ப் பம்புக்கு" என்று கேட்டால் கிடைக்கக்கூடும். சிலிண்டர் தேய்ந்திருந்தால் அதைப் பெருப்பித்துக் கடைந்து, ஓர் அளவு பெரிய பிஸ்டனைப் போடுவது வழக்கம். அமெரிக்க வண்டிகளிலுள்ள கோலர் கே வரிசை எஞ்சின்களுக்கு 0.010, 0.020, 0.030 அங்குலம் பெரிதான பிஸ்டன்கள் செய்யப்பட்டன; அந்த எஞ்சின்கள் அறுபது ஆண்டு கடந்தும் ஓடுவதற்கு, வார்ப்பிரும்பாலான சிலிண்டரை மீண்டும் மீண்டும் கடைய முடிந்ததே பெரிய காரணம். ஆனால் ஒவ்வொரு தடவை கடையும்போதும் திரும்ப வராத ஒன்றிலிருந்து கொஞ்சம் போகிறது. எனவே புகை வருகிறது என்றவுடன் கடையப் போகாமல், முதலில் சிலிண்டரை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களிலும் குறுக்காகவும் அளந்து பார்க்க வேண்டும். பல வேளைகளில் சிலிண்டர் நன்றாகவே இருக்கும். கரியில் ஒட்டிக்கொண்ட றிங்குகளை எடுத்துப் பிஸ்டனின் பள்ளங்களைத் துப்புரவாக்கினாற் போதும்.

இரண்டாவது வகை, செய்விக்கக்கூடியவை. புஷ் (தண்டு சுழலும் உலோகக் குழல்), பின், வோஷர், நெம்புகோல், கேபிள், கஸ்கெட் (இரு பாகங்களுக்கு இடையே கசிவைத் தடுக்கும் மெல்லிய அடைப்பு) எல்லாம் இதில் அடங்கும். நல்ல லேத்காரர் ஒருவரைத் தெரிந்திருந்தால் இதிற் கவலை இல்லை. வெண்கலப் புஷ் கடைய வேண்டுமென்றால் தேய்ந்த புஷ்ஷை மட்டும் கொண்டுபோகக்கூடாது, அது உட்காரும் தண்டையும் கொண்டுபோக வேண்டும். தேய்ந்த பொருளை அளந்து செய்தால் தேய்ந்த அளவிலேயே புதிது வரும். கஸ்கெட்டைத் தாளில் நானே வெட்டுகிறேன்: தாளை வார்ப்பின் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் விளிம்பு நெடுகிலும் மெல்லத் தட்டினால் விளிம்பே கத்தியாக வெட்டித் தரும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சில எஞ்சின்களில் பக்கத் தட்டுக் கஸ்கெட்டின் தடிப்பே கிராங்க் தண்டின் அசைவிடத்தைத் தீர்மானிக்கிறது. பழைய கஸ்கெட்டைச் சுரண்டி எறிவதற்கு முன் அதன் தடிப்பை அளந்து எழுதி வைக்காவிட்டால் பின்னால் ஊகிக்க வேண்டியதுதான். செப்புத் தகட்டாலான ஹெட் கஸ்கெட் கிழியாமல் இருந்தால் எறிய வேண்டாம். சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செப்பு மீண்டும் மென்மையாகி, இன்னொரு முறை உட்காரும்.

மூன்றாவது வகைக்கு வரும்போது எழுத்தின் வேகத்தையும் கையின் வேகத்தையும் குறைக்க வேண்டியிருக்கிறது. எஞ்சின் உடல், கியர்ப்பெட்டி, பிளைவீல், காபரேற்றரின் உடல், பற்சக்கரங்கள். இவற்றுக்கு மாற்று இல்லை; இன்னோர் இறந்த இயந்திரம் எங்காவது கிடைத்தால் உண்டு. எனவே இயந்திரத்தைக் கழற்றும் முறை முழுவதும் இவற்றைக் காப்பதற்காகவே அமைய வேண்டும் என்பது என் கட்சி.

அதில் முதல் எதிரி பொருந்தாத ஸ்பனர். பழைய பிரித்தானிய இயந்திரங்களின் நட்டுகள் விட்வேர்த் என்ற பழைய பிரித்தானிய அங்குல மரை முறையைச் சேர்ந்தவை. அந்த முறையில் ஸ்பனரின்மேல் எழுதியிருக்கும் அளவு நட்டின் அகலம் அன்று, போல்ற்றின் விட்டம். மெற்றிக் ஸ்பனர் செட்டில் ஏறத்தாழப் பொருந்தும் ஒன்றை எடுத்துத் திருகினால் மூலைகள் மழுங்கும். மூலை மழுங்கியதும் பைப் ரெஞ்ச் வரும். பைப் ரெஞ்சுக்குப் பின் உளியும் சுத்தியலும் வரும். கடைசியில் வார்ப்பு வெடிக்கும். பழைய விட்வேர்த் ஸ்பனர்கள் பழைய இரும்புக் கடைகளில் எடைக்கணக்கில் விற்கப்படுவதை நான் கண்டிருக்கிறேன். வாங்குபவருக்கு அது என்னவென்று தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. மரையிலும் கவனம் வேண்டும். கால் அங்குல விட்வேர்த் போல்ற்றுக்கும் அமெரிக்க முறையின் கால் அங்குலப் போல்ற்றுக்கும் அங்குலத்துக்கு இருபது மரைதான். கையால் பூட்டினால் இரண்டும் போகும். ஆனால் ஒன்றின் மரைக் கோணம் 55 பாகை, மற்றதன் கோணம் 60 பாகை. அரை அங்குலத்தில் மரை எண்ணிக்கையே மாறிவிடுகிறது: 12 க்கு 13. போகிறதே என்று இறுக்கினால் வார்ப்பின் உள்மரை சிதைந்துபோகும்.

துருவில் இறுகிய நட்டைக் கழற்றுவதற்கு முன் ஊடுருவும் ஒயிலை இரண்டு மூன்று நாட்கள் விட்டு, ஒரு நூலளவு இறுக்கும் பக்கமாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். இறுக்கும் பக்கம் அசைந்தால் கழற்றும் பக்கமும் அசையும். அதற்கும் மசியாவிட்டால் நட்டைச் சூடாக்க வேண்டும். போல்ற்றின் தலை முறிந்து உடல் வார்ப்புக்குள் நின்றுவிட்டால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து எடுப்பதே பெரும்பாலும் நல்ல வழி. அந்தச் சூடே துருவை விடுவித்துவிடும். சிலிண்டருக்குள் இறுகிய பிஸ்டனுக்கு, அசெற்றோனும் தானியங்கிக் கியர்ப்பெட்டிகளுக்குரிய ஒயிலும் சம அளவில் கலந்து ஸ்பார்க் பிளக் துளை வழியே ஊற்றி, ஒரு வாரமோ இரண்டு வாரமோ விட்டுவிட்டு, பிளைவீலைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்க வேண்டும். பிஸ்டனின் தலையில் மரக்கட்டை வைத்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் உள்ள பக்கவால்வு எஞ்சின்களில் இறுகி நிற்பது சில வேளைகளில் பிஸ்டனாக இருப்பதில்லை, வால்வாக இருக்கும். ஹெட்டைக் கழற்றிப் பார்க்காமல் அடிப்பவருக்கு அது தெரியாது.

பிளைவீலும் அப்படித்தான். அதற்குள் காந்தங்கள் இருக்கின்றன. பழைய காலத்துக் காந்த எஃகு அடிபட்டால் வலு குறையும். புளர் என்ற இழுக்கும் கருவியைப் போட்டு இழுக்க வேண்டும், அல்லது அதற்கென உள்ள மரைத் துளைகளைப் பயன்படுத்த வேண்டும். வெடித்த வார்ப்பை ஒட்டுவது முடியாத காரியமல்ல. நிக்கல் குச்சியால் வெல்டிங் செய்யலாம், பித்தளையால் ஊதி ஒட்டலாம். எப்படிச் செய்தாலும் வார்ப்பை முன்கூட்டியே சூடாக்கி, வேலை முடிந்ததும் மெல்ல ஆறவிட வேண்டும். உமிச் சாம்பலுக்குள் புதைத்து ஓர் இரவு வைப்பது நம் பட்டறைகளில் பழைய வழக்கம். காற்றில் ஆறவிட்டால் ஒட்டின் ஓரத்திலேயே புதிய வெடிப்பு ஓடும்.

எஞ்சின் தொடங்கவில்லை என்று கொண்டுவரப்படும் இயந்திரங்களில் நான் பார்க்கும் வரிசை எப்போதும் ஒன்றே: அமுக்கம் (சிலிண்டருக்குள் காற்று நெருக்கப்படுவது), தீப்பொறி, எரிபொருள். அமுக்கம் இருக்கிறதா என்பதைக் கயிறு இழுக்கும் கையே சொல்லிவிடும். தீப்பொறி இல்லாவிட்டால் பெரும்பாலும் குற்றவாளி, மின்னோட்டத்தைத் திறந்து மூடும் முனைகளான பொயின்ற்ஸ். பல காலம் சும்மா நின்றதால் முனைகளில் ஒட்சைட்டுப் படலம் படிந்திருக்கும். மெல்லிய எமெரிக் கடதாசியால் துடைத்து, அசெற்றோனில் நனைத்த துணியால் மீண்டும் துடைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டு அளவியால் சரிசெய்தாற் போதும். பிளைவீலின் காந்தத்தால் தீப்பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் வில்லியர்ஸ் மக்னீற்றோக்களில் அந்த இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. பொயின்ற்ஸோடு சேர்ந்த கண்டென்சர் (மின்தேக்கி) போயிருந்தால் அதே வகையைத் தேடி அலைய வேண்டியதில்லை. பழைய காரின் டிஸ்ரிபியூட்டர் கண்டென்சரை வெளியே பூட்டி வயரை உள்ளே கொண்டுபோகலாம். இரண்டின் கொள்ளளவும் ஒரே எல்லைக்குள் வருவதால் எஞ்சின் வேறுபாடு காட்டாது.

எரிபொருள் என்று வரும்போது இந்த எஞ்சின்களின் தனித்தன்மை தெரிகிறது. தாங்கியில் இரண்டு அறைகள்: சிறியதில் பெற்றோல், பெரியதில் மண்ணெண்ணெய். பெற்றோலில் தொடங்கி எஞ்சின் நன்றாகச் சூடான பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும், ஏனெனில் குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் துளியாகவே போய் சிலிண்டர்ச் சுவர் வழியே வழிந்து கீழேயுள்ள ஒயிலை நீர்க்கச் செய்துவிடும். நிறுத்துவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றினால்தான் மறுநாள் காபரேற்றரில் பெற்றோல் இருக்கும். மண்ணெண்ணெயின் ஒக்டேன் குறைவு; அதனால் இந்த எஞ்சின்களின் அமுக்க விகிதத்தையும் தாழ்வாகவே வைத்தார்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடியது ஊரறிந்த கதை. அந்தக் கார்களுக்கு அது திணிக்கப்பட்ட பழக்கம், தோட்ட இயந்திரங்களுக்கோ பிறவியிலேயே வந்தது. பின்னர் அந்த இலாபமும் சுருங்கிவிட்டது. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயானது. அதன் பின் நண்பர்களிற் பலர் மண்ணெண்ணெய் அறையை வெறுமையாகவே விட்டு, பெற்றோலிலேயே ஓட்டுகிறார்கள். எஞ்சினுக்கு அதில் கேடில்லை. மண்ணெண்ணெய் வழிவது நின்றதால் ஒயிலின் ஆயுள் கூடியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

ஒயிலைப் பற்றி நீண்ட சண்டைகள் உண்டு. எனக்கு அவற்றில் ஆர்வமில்லை. வடிகட்டி இல்லாத, தெளித்து உயவூட்டும் பழைய எஞ்சினுக்கு எஸ்.ஏ.ஈ. 30 ஒயில், இருபத்தைந்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றம், அவ்வளவே. கியர்ப்பெட்டியில் மட்டும் கண்டிப்பு வேண்டும். வெண்கலப் புஷ்கள் உள்ள பழைய பெட்டிகளுக்கு ஜீ.எல். 4 தரத்து ஒயிலே பொருத்தம், ஜீ.எல். 5 இல் கலக்கப்படும் சேர்மங்கள் மஞ்சள் உலோகங்களை அரிக்கக்கூடும், அந்தப் புஷ்ஷைச் செய்விக்கலாம் என்றாலும் அதை எட்டுவதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டும்.

குபோட்டாவைப் பற்றிச் சொல்ல இங்கே அதிகமில்லை, ஏனெனில் அதற்குச் சாமான் தாராளமாகக் கிடைக்கிறது. நீர்க்குளிர்ச்சி எஞ்சினில் ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். ஓர் இயந்திரம் எந்த ஊரில் வாழ்ந்தது என்பதை அதன் நீர் அறையைத் திறந்தாற் கண்டுபிடித்துவிடலாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் கிணற்று நீரைக் குடித்த எஞ்சினின் சுவர்களில் வெள்ளைக் காறை தடிப்பாகப் படிந்திருக்கும். களனி ஆற்று நீரில் ஓடியதில் அது குறைவு, துரு அதிகம். கேக் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும் சித்திரிக் அமிலத்தைத் தண்ணீரில் நூற்றுக்கு ஐந்து வீதம் கரைத்து ஒரு நாள் ஊறவிட்டால் இரண்டுமே கரைந்து வரும். பிறகு அப்பச்சோடா கலந்த தண்ணீரால் கழுவ வேண்டும். எரிபொருள் தாங்கியின் துருவுக்கும் இதையே செய்கிறேன். கழுவி முடித்தவுடன் காயவைத்து உள்ளே ஒயில் பூசாவிட்டால் மாலைக்குள் செம்மஞ்சள் நிறம் திரும்பிவிடும்.

வெள்ளவத்தையில் துரு ஒரு பருவகால விருந்தாளி அல்ல, குடியிருப்பவர். ரயில் பாதைக்கு அப்பால் கடல். காற்று அங்கிருந்துதான் வருகிறது. இங்கே பொலித்தீனால் இயந்திரத்தை மூடுவது மிகப் பெரிய தீங்கு, உள்ளே வியர்த்துக்கொண்டே இருக்கும். துணியால் மூட வேண்டும், அடியில் மரக்கட்டை வைத்துத் தரையிலிருந்து உயர்த்த வேண்டும், வண்ணம் பூசாத உலோகத்தில் கிறீஸ் பூச வேண்டும், மாதம் ஒருமுறையாவது எஞ்சினைச் சூடாகும் வரை ஓட்ட வேண்டும். இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்துவது ஓட்டாமல் விடுவதைவிடக் கெடுதி. எரிவில் பிறக்கும் நீர் ஆவியாகி வெளியேறாமல் ஒயிலில் கலந்து தங்கிவிடும். அண்டை வீடுகள் அடுக்குமாடிகளாகிவிட்டதால் நான் சனிக்கிழமை முற்பகலில் மட்டும் ஓட்டுகிறேன். மேல்மாடி அன்ரி ஒருவர் உடுப்புக் காயப்போடுவதற்கு முன் என்னிடம் நேரம் கேட்டுக்கொள்வார்.

வண்ணம் பூசி, புதிது போலாக்கி, மினுங்க வைப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. வெளிநாடுகளில் அதற்கென்று கண்காட்சிகள் இருக்கின்றன; இங்கே அந்த இயந்திரம் கொஞ்ச நிலத்தைப் புரட்டி, மரவள்ளிக்கும் கத்தரிக்கும் பாத்தி கட்ட உதவினாற் போதும். ஆனால் பழைய எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு மலிவான புது டீசல் எஞ்சினைப் பூட்டுவதை எதிர்ப்பவர்களோடும் நான் சேரமாட்டேன். எஞ்சின் உடல் உண்மையிலேயே வெடித்திருந்தால் அது நியாயமான வழி. செய்யும்போது அடிச்சட்டத்தில் புதிய துளை இடாமல், இடையில் ஓர் இரும்புத் தட்டை வைத்து அதில் துளைத்துப் பூட்ட வேண்டும்; நாளைக்கு யாரோ ஒருவருக்குப் பழைய எஞ்சின் கிடைத்தால் திரும்ப வைக்க இடம் இருக்கும்.

இப்போது கொட்டகையில் பிலியந்தலை நண்பரின் இயந்திரம் திறந்து கிடக்கிறது. கிளச் தட்டின் லைனிங் தேய்ந்து றிவெற்றுகள் வெளியே தெரிகின்றன. அந்தக் காலத்து லைனிங்கில் நுரையீரலுக்குக் கேடான கல்நார் இருக்கக்கூடும் என்பதால் தூசியைக் காற்றால் ஊதாமல், தண்ணீர் தெளித்து ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டேன். தட்டு வளையவில்லை, நடுவிலுள்ள பள்ளங்களும் தேயவில்லை. அதாவது திரும்ப வராத பகுதி நன்றாக இருக்கிறது. லைனிங் அடிப்பவரிடம் தட்டைக் கொடுத்து, வெளிவிட்டம், உள்விட்டம், தடிப்பு மூன்றையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்ன மிசின் என்று அவர் கேட்கவில்லை. வியாழக்கிழமை வரச் சொன்னார்.